மறுபடியும் அந்தப் பாறைக்கே

"மறுபடியும் அந்தப் பாறைக்கா?"

கேட்டவனை அவள் திரும்பிப் பார்த்தாள்.

கடலடிக்கு நீந்தக் கூட்டிப்போகும் டைவ் கடையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கவுண்டருக்கு முன்னால் முழுசாக நனைந்து நின்றான் அவன். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மாஸ்க். முன்பின் பார்த்திராத ஆள்... ஆனால் கூடவே வளர்ந்தவன் மாதிரி சலித்துக்கொண்டான்.

"ஏன், பாறை உங்களை ஏதாவது பண்ணுச்சா?" என்றாள்.

"ஒண்ணுமே பண்ணலைங்க. அதான் என் கம்ப்ளெயின்ட். பல வருஷமா இந்த ஊருக்கு வர்றேன். அந்தப் பாறையை நான் கண்ணை மூடிக்கிட்டே சுத்துவேன்."

"அதாங்க பிரச்சினை. ஒரு தடவை கண்ணைத் திறந்துகிட்டுச் சுத்திப் பாருங்க."

கவுண்டருக்குப் பின்னாலிருந்து கேப்டன் சிரித்தாள். கேப்டன் என்பது பட்டப்பெயர். கடைக்கும் படகுக்கும் சொந்தக்காரி அவள். படகை ஓட்டுவது என்னவோ அவள் கணவர்தான். ஆனாலும் அந்தப் பெயரை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

மழைக்காலம் என்பதால் ஊரில் வேறு பயணிகள் இல்லை. இருப்பது ஒரே படகு. வந்திருந்ததோ இவர்கள் இரண்டு பேர் மட்டும். அவள் கேட்டது கரைக்குப் பக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய பாறையை. அவன் கேட்டது கடலுக்குள் வெகுதூரம் தள்ளி, செங்குத்தாகக் கீழே இறங்கும் புது இடத்தை.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் கேப்டன். "தண்ணிக்குள்ள யாரும் தனியாப் போகக் கூடாது. ரெண்டு ரெண்டு பேராத்தான். இந்த வாரம் முழுக்க நீங்க ரெண்டு பேரும்தான் ஜோடி."

அவனுக்குப் புரையேறியது.

"இருமல் இருந்தா டைவ் கிடையாது சார்."

"இது அந்த இருமல் இல்லை" என்றான்.

அவள் காதில் விழாதது மாதிரி முக்குளிக்கப் போடும் வெட்சூட்டின் ஜிப்பைச் சரிபார்த்தாள். காதுமடல் ஏன் சூடாகிறது... மழைக் குளிரிலா?

"சரி, ஒரு பந்தயம்" என்றாள். "இன்னைக்குப் பாறைக்குப் போவோம். ஆனா நான் சொல்றபடி. உங்களுக்குப் போரடிச்சா நாளையிலிருந்து நீங்க சொல்ற இடம். நான் வாயே திறக்க மாட்டேன்."

"வாயே திறக்க மாட்டீங்களா? அதுக்காகவே ஜெயிக்கணும்போல இருக்கே."

அவள் முறைத்தாள். பெரிய கண்கள். முறைக்கும்போது இன்னும் பெரிதாயின. அவன் சட்டென்று குனிந்து மாஸ்க்கின் பட்டையை இழுத்துச் சரிசெய்தான்... அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

படகில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மழை தூறலாகக் குறைந்திருந்தது.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

"டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கறேன்."

"தினமும் அதே ரோடு, அதே சிக்னல், அதே ரிவர்ஸ். அப்புறம் லீவுக்கும் அதே பாறை. எப்படிங்க?"

"பக்கத்துல உக்காந்து ஓட்டறவங்க முதல் தடவை ஸ்டியரிங்கைப் பிடிக்கறவங்க. போரடிக்க எங்க நேரம் இருக்கு? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." அவள் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள். "நீங்க?"

"காது மூக்கு தொண்டை டாக்டர்."

"அப்ப தினமும் காதுதான் பாக்கறீங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. ஒருத்தர் காது மாதிரி இன்னொருத்தர் காது இருக்காது. ஒரே ஆளுக்கே இடது வேற, வலது வேற."

"ஆக, காதுக்குக் கொடுக்கற மரியாதையைப் பாறைக்குக் கொடுக்க மாட்டீங்க."

படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். டாக்டர் பதிலுக்கு வாயைத் திறக்கும்போதே படகு நின்றுவிட்டது.

முதலில் கேப்டன் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இவர்கள் இரண்டு பேரும் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினார்கள். பாதியில் டாக்டர் நின்றுவிட்டான். மூக்கைப் பிடித்து ஊதினான். தலையைச் சாய்த்தான். மறுபடி ஊதினான். ஆழத்தின் அழுத்தத்தில் அடைத்துக்கொண்ட இடது காது திறக்கவில்லை.

ஊருக்கெல்லாம் காது பார்க்கிறவருக்கு இப்படி ஒரு காதா...

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கயிற்றோடு அவன் பக்கத்துக்கு நகர்ந்து வந்தாள். உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவாக அசைத்தாள். அவசரமில்லை... மெதுவா... நான் இருக்கேன்.

முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்தது. மீதியை மூச்சுவிட வாயில் கடித்திருந்த ரெகுலேட்டர் மறைத்தது. மிச்சம் இருந்தவை கண்கள் மட்டும்தான். அந்தக் கண்களை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கவுண்டர் முன்னால் முறைத்த அதே கண்கள்தான்... இப்போது எத்தனை பொறுமை. மூச்சுக் குமிழிகள் இருவருக்கும் நடுவே குலுங்கிக் குலுங்கி மேலே ஏறின. காது எப்போது திறந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

பாறையைக் கேப்டன் வழக்கமாக இடது பக்கமாகத்தான் சுற்றுவாள். இவள் வலது பக்கம் கை காட்டினாள். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அவன் கருப்பு என்று நினைத்திருந்த பிளவெல்லாம் ஊதா. பழுப்பு என்று நினைத்திருந்த விசிறிப் பவளத்தில் சிவப்பு ஓடியது. பத்து உதை உதைத்துக் கடந்துபோகும் தூரத்தை அவள் தவழ்வதுபோல் கடந்தாள். பாறையடியில் மணல் திட்டுக்கு வந்ததும் நின்றேவிட்டாள். நீரில் மிதந்தபடி கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

மணலில் ஒரு குழி. குழிவாசலில் விரல் நீளத்துக்கு ஒரு மீன், காவல்காரன் மாதிரி. உள்ளேயிருந்து ஒரு இறால் வந்தது. கண் சரியாகத் தெரியாத இறால். மணலை வாரி வெளியே கொட்டியது. மறுபடி உள்ளே போனது, மறுபடி வாரி வந்தது. வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையில் ஒன்றை அந்த மீனின் வாலில் வைத்தபடியே வந்தது. டாக்டர் கொஞ்சம் நெருங்கினான். மீன் வாலை ஒருதரம் சிலிர்த்தது. அடுத்த நொடி இரண்டும் குழிக்குள்.

அவன் அசையவில்லை. காத்திருந்தான். இரண்டும் திரும்பி வந்தன. அதே காவல், அதே மண் வாரல், அதே மீசைத் தொடுதல்... கேப்டன் தன் காற்று டேங்கைத் தட்டி ஒலியெழுப்பிக் கூப்பிடும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஏறும்போது அவள் மேலே கை காட்டினாள். மறுபடி பெருமழை பிடித்திருந்தது. கீழேயிருந்து பார்க்க, கடலின் கூரை முழுக்க வெள்ளி ஊசிகள். சத்தம் இல்லை... ஒளி மட்டும். அவன் மழையைப் பார்த்தான். பிறகு மழையைப் பார்க்கும் அவளைப் பார்த்தான். இரண்டாவதுதான் அதிக நேரம்.

படகில் ஏறி மாஸ்க்கைக் கழற்றியவன் பூதக்கண்ணாடியைத் துடைத்து அவளிடம் நீட்டினான்.

"என்ன டாக்டர், போரடிச்சுதா?"

"நாளைக்கும் பாறைக்கே போலாம்."

"உங்க இடம்?"

"அது எங்கயும் ஓடிடாது" என்றான்.

அடுத்த நாள் விடிகிற நேரத்துக்கே இறங்கினார்கள். கிளிமீன் ஒன்று தன்னைச் சுற்றிக் கட்டியிருந்த கண்ணாடிப் பை போன்ற படலத்துக்குள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றொரு நாள் ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, அது போகிற இடமெல்லாம் போனார்கள். இன்னொரு நாள் கேமராவைக் கரையிலேயே வைக்கச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே வைத்தான். அன்றுதான் அவன் ஆக்டோபஸ் நிறம் மாறுவதை முழுசாகப் பார்த்தான்.

"போட்டோ எடுத்திருக்கலாம்" என்றான் மேலே வந்து.

"எடுத்திருந்தா பாத்திருக்க மாட்டீங்க."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்களே, தூங்கறப்ப யோசிப்பீங்களா?"

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு யோசிக்கவே தேவையில்லை. தானா வருது."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி... அடடா, அதைப் போய் எதற்குக் கவனிக்கிறேன், என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வேலையில் அவள் காலடியில் எப்போதும் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அவளே அழுத்திவிடலாம். இங்கே காலால் துழாவித் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

வாரத்தின் நடுவில் ஒரு மதியம் காற்று பலமாக வீசியது. படகு கிளம்பவில்லை. கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. அண்ணன். அவர் எப்போதும் ஊரைக் கூட்டுகிற குரலில்தான் பேசுவார். போனைக் காதில் வைத்தாலும் பெஞ்சின் மறுமுனை வரை கேட்கும்.

"திரும்பவும் அங்கேயே போயிருக்கியாமே? கல்யாணம் ஆனதும் அவனோட முதல்ல போன ஊர் அது. விவாகரத்து ஆகியும் வருஷம் தவறாம அங்க போய் நின்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? உலகத்துல வேற கடலே இல்லையா?"

"இருக்கு. நான் போகலை" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

டாக்டர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருகாலத்தில் ஒருத்தி அவனோடு மணிக்கணக்காகப் பேசியிருக்கிறாள்... மனசெல்லாம் வேறொருவனிடம் வைத்துக்கொண்டு. அது தெரியவந்த நாளின் அவமானம் இன்னும் ஆறவில்லை. இப்போது மறுபடியுமா? அவளுடைய பாறை, அவளுடைய பூதக்கண்ணாடி, அந்த மழை... எல்லாம் இன்னொருத்தன் ஞாபகமா? நான் வெறுமனே பக்கத்தில் நீந்தியவனா?

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான்.

"அவரைத் தேடித்தான் வருஷா வருஷம் வர்றீங்களா?"

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள்.

"அவர் இங்க வந்தது ஒரே தடவை. தண்ணியில காலைக்கூட நனைக்கலை. கரையில நின்னு, வேண்டாம், உனக்கெதுக்கு இதெல்லாம்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நான் இறங்கினேன். அவர் பேச்சை மீறி நான் செஞ்ச முதல் காரியம் அதுதான்." குரல் ஏறவில்லை. கண்கள்தான் கொதித்தன. "பிரிஞ்சப்ப வீடு அவருக்குப் போச்சு. கூடப் பழகினவங்கள்ல பாதிப் பேர் அவர் பக்கம் போயிட்டாங்க. இந்தக் கடலையும் எழுதிக் கொடுத்துட்டு நான் வேற எங்கயாவது போகணுமா? எதுக்கு? அந்தப் பாறையில நான் இன்னும் பாதிகூடப் பாத்து முடிக்கலை."

"நான் அந்த அர்த்தத்துல..."

"அதே அர்த்தத்துலதான் கேட்டீங்க. எங்க அண்ணன் கேட்டா எனக்குக் கோபம் வரும். நீங்க கேட்டது..." மீதியை விழுங்கிக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு ஜோடி கேப்டன். நீங்க உங்க புது இடத்துக்கே போங்க."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. நெஞ்சுவரை வந்தது. ரோஷம் குறுக்கே நின்றது. அவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் பக்கத்து ஊர்க் கடை ஒன்றின் படகில் புது இடத்துக்குப் போனான். பிரமாதமான இடம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை. கோபத்தில் வேகவேகமாக இறங்கினான். இடது காது முரண்டு பிடித்தது. பக்கத்தில் நின்று மெதுவா என்று கை காட்ட யாரும் இல்லை. வலியோடு மேலே வந்தவன், தன் நோயாளிகளுக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டான்: இனி இந்தப் பயணத்தில் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது.

அதற்கு அடுத்த நாள் காலை, காதில் பஞ்சோடு படகுத்துறைக்கு வந்தான். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஆனால் படகு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. துறையின் தகரக் கொட்டகைக்குள் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கார் சாவி, முகத்தில் கடுகடுப்பு. வாயைத் திறந்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. போனில் கேட்ட அதே குரல்.

"நீங்களும் அந்தப் படகுக்கா வந்தீங்க? என் தங்கச்சி உள்ள போயிருக்கா. கூட்டிட்டுப் போக வந்தேன். இத்தனை தூரம் கார் ஓட்டிட்டு வந்திருக்கேன், 'டைவ் முடிஞ்சு வர்றேன், காத்திரு'ன்னு சொல்லிட்டு ஏறிட்டா. என்ன திமிர் பாருங்க."

"உக்காருங்க" என்றான் டாக்டர். "வந்துருவாங்க."

"காதுல என்ன?"

"திமிர்" என்றான். "எனக்கும் கொஞ்சம் இருந்துச்சு."

ஒரு மணி நேரம் போயிருக்கும், மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் அது போட்ட கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. அண்ணன் மேலும் குரலை உயர்த்தினார்.

"அவளுக்கு இன்னும் அந்த ஆள் நினைப்பு சார். இல்லைன்னா எதுக்கு இதே ஊருக்கு வரணும்?"

"இல்லைங்க." டாக்டரும் கத்தினான். "நானும் அப்படித்தான் நினைச்சேன். தப்பு. அவங்க எதையும் நினைச்சுப் பாக்க வரலை. பாக்க வர்றாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசாப் பாக்கறாங்க. நான் பல வருஷமா வந்து பாக்காததை அவங்க கூட ஒரே நாள்ல பாத்தேன்."

"என்ன சொல்றீங்க? கேக்கலை."

"உங்க தங்கச்சி யாரையும் தேடி வரலைன்னேன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கென்ன இவ்வளவு அக்கறை?"

"எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு."

"என்னது?"

டாக்டர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மழை நின்றது. அவன் குரல் நிற்கவில்லை.

"எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

துறை முழுக்க அது கேட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரையை நோக்கி மிதந்துகொண்டிருந்த படகிலும் கேட்டது. படகோட்டி கையிலிருந்த கயிற்றை வீச மறந்தார். கேப்டன் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். படகின் முனையில், மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீர் சொட்டச் சொட்ட அவள் நின்றாள்.

படகு துறையில் முட்டியது. ஏறி வந்தாள். நேராக டாக்டரின் முன்னால் வந்து நின்றாள்.

"யார்கிட்ட சொல்றீங்க?"

"உங்க... உங்க அண்ணன்கிட்ட."

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கு முகமெல்லாம் சிவந்தது.

"அன்னைக்கு நான் கேட்டது தப்பு" என்றான். "நீங்க சொன்னதைக் கேட்டும் எழுந்து போனது அதைவிடத் தப்பு. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். நீங்க தண்ணிக்குள்ள போயிட்டீங்க."

"தப்புதான்" என்றாள். கண்கள் இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் பழைய கொதிப்பு அவற்றில் இல்லை.

அண்ணனுக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "இவர் யாரு? என்ன நடக்குது இங்க? நீ முதல்ல பையை எடு, கிளம்பலாம்."

"லீவு முடிஞ்சதும் நானே வருவேண்ணா. அடுத்த வருஷமும் இங்கதான் வருவேன். அதுக்கு அடுத்த வருஷமும். அதுல மாத்தம் இல்லை."

"உனக்கு எல்லாமே விளையாட்டு." அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "அந்த வீட்டுலேர்ந்து உன்னைக் கூட்டிட்டு வந்தது நான். வழி முழுக்க நீ ஒரு வார்த்தை பேசலை. ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தே. எனக்கு அது மறக்க மாட்டேங்குது. மறுபடி ஒரு அடி பட்டா நீ தாங்குவியா?"

இத்தனை நாளாக அவர் ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தாள். ஈரக் கையால் அவருடைய இஸ்திரிச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விலகவில்லை.

"பட்டா வலிக்கும்ணா. வலிக்கட்டும். அதுக்குப் பயந்து கரையிலயே நிக்கச் சொல்றியா? கரையிலயே நின்ன ஒருத்தரைத்தான் நான் விட்டுட்டு வந்தேன்."

அண்ணன் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கேப்டன் ஒரு டீயை அவர் கையில் திணித்தாள்.

அவள் டாக்டரின் பக்கம் திரும்பினாள். பிரிந்து வந்ததிலிருந்து அவள் பேசிப் பழகியதெல்லாம் மாட்டேன் என்ற ஒரே சொல்தான். போக மாட்டேன், விட மாட்டேன், தலை குனிய மாட்டேன்... அதைச் சொல்ல அவளுக்குத் தயக்கமே வந்ததில்லை. இப்போது வேண்டும் என்று ஒரு சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரத் தயங்குகிறது. தயங்கினால் என்ன?

அவன் கண்களை நேராகப் பார்த்தாள். மாஸ்க் இல்லை, தண்ணீர் இல்லை, நடுவில் ஒரு குமிழிகூட இல்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள். "அண்ணன் இருக்கறப்பவே சொல்லிடறேன்... அப்பத்தான் பின்னால பயந்து மாத்திப் பேச மாட்டேன்."